உங்களுக்குத் தெரியுமா? சிறைப்பட்டவரே பீரங்கி வார்த்தார்!

1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூரிடம் பிடிபட்டார் டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாய். அவரைச் சிறையிலேயே வைத்திருக்காமல், தன் படைக்கே பயிற்சியாளராக்கினார் மன்னர் மார்த்தாண்ட வர்மா!

• தக்கலை அருகே உதயகிரிக் கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலை அமைத்தார் டிலனாய். துப்பாக்கி வீரர்களுக்கு ஐரோப்பிய முறையில் அணிவகுப்பும் பழக்கினார். ஊர் அவரை 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) என்றது.

• 36 ஆண்டுகள். 1777இல் இறக்கும்வரை ஊர் திரும்பவில்லை. கல்லறை அதே கோட்டைக்குள். கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும். மனைவி, மகன் கல்லறைகளும் பக்கத்திலேயே.

• திருவிதாங்கூரின் வடக்கே டிலனாய் மேற்பார்வையில் எழுந்தது 'நெடுங்கோட்டை' என்னும் அரண். 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதல் அங்கேதான் முறிந்தது. (அடுத்த ஆண்டு திப்புவின் பீரங்கிகள் அதை உடைத்துவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.)

• அந்தப் போர்க்காலத்தில் திருவிதாங்கூர் திவானாக இருந்தவர் ராஜா கேசவதாஸ். திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவை உருவாக்கியவரும் அவரே! பிறந்தது இன்றைய குமரி மாவட்டத்தில்.

• டிலனாய் மன்னரிடம் சரணடையும் காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக இருக்கிறது. குளச்சலில் வெற்றித்தூண் நிற்கிறது.

உதயகிரிக் கோட்டை இப்போது வனத்துறைப் பூங்கா. நாகர்கோவில் - திருவனந்தபுரம் சாலையில் போகிறவர்கள் புலியூர்க்குறிச்சியில் இறங்கிப் பார்க்கலாம்.