மொழியெல்லையில் எழும் வழு

ஒலுவில் கடற்கரையிலே ஒரு வெளிச்சவீடு உண்டு. வெளிச்சவீடுகள் விட்டுவிட்டு ஒளிரும் முறையை முன்னரே அறிந்த மாலுமிக்கு அவ்வொளி இடத்தின் பெயரைச் சொல்லும். அறியாதவனுக்கோ அது வெறும் ஒளியே. ஒரு கணினிமொழியில் எழுதப்பெற்ற செய்நிரல் பிறிதொரு மொழியிலமைந்த சார்பினை ஏவுமிடத்து, வழுவைப் பற்றிய செய்திக்கும் இந்நிலையே நேர்கின்றது.

1970களின் தொடக்கத்தில் தோன்றிய சி மொழி, வழு நேர்ந்தமையை ஒரு பெறுமானத்தாலேயே உணர்த்தும். கோப்பொன்றைத் திறக்க இயலாதாயின் வெறுஞ்சுட்டு மீளும். காரணம் வேறோர் இடத்தில் எண்ணாக எழுதப்பெறும். ஏவியவன் உடனே கேட்டறியாவிடின், அடுத்த ஏவலே அவ்வெண்ணை அழித்துவிடவுங் கூடும். ஜாவா, பைதன் முதலிய பிற்கால மொழிகளின் வழக்கு வேறு. அவற்றில் வழுவானது 'விதிவிலக்கு' என எறியப்பட்டு, ஏவிய சார்புகளை ஒவ்வொன்றாகக் கடந்து, தன்னை ஏற்போரைக் காணுமளவும் மேலேறிச் செல்லும். அவ்வழியிடையே சி மொழிச் சார்பொன்று நிற்குமாயின் என்னாகும்? கடந்து செல்வது அதற்குத் தெரியாது. அது பெற்ற நினைவகம் விடுவிக்கப்படாது. பூட்டியது பூட்டியபடியே கிடக்கும். இதனினும் கொடிது மறுதலை நிலை. சி தந்த தோல்விக்குறியை மேல்மொழி நல்ல விடையென்றே கொண்டு மேலும் கணித்துச் செல்லும். நின்றுபோன செய்நிரலை எவரும் காண்பர். பிழைத்த கணக்கை யார் காண்பார்?

இதற்கு இலங்கையிலேயே தக்கதோர் எடுத்துக்காட்டு உளது. அப்பாச்சி அக்சிஸ்2/சி என்னும் இணையச்சேவைப் பொறி, இலங்கைப் பொறியியலாளர் பெரும்பங்கு கொண்டு சி மொழியில் ஆக்கியது, அதன் 1.0 பதிப்பு 2007 இல் வெளிவந்தது. 2005 இல் நிறுவப்பெற்ற டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தார் அப்பொறியைப் பிஎச்பி மொழியினின்றும் ஏவுதற்குரிய சட்டகமொன்றை அதன்மீது அமைத்தனர். அக்சிஸ்2/சியின் சார்புகள் 'சூழல்' என்னும் கட்டமைப்பொன்றை ஓர் உள்ளீடாக ஏற்கும். நினைவக ஒதுக்கி, வழுவெண், பதிவேடு ஆகியன அதனுள் அடங்கும். தவறிய சார்பு வழுவெண்ணை ஆங்குப் பொறித்துத் தோல்விக்குறியோடு மீளும். எல்லையில் நிற்கும் சட்டகம் அதனைப் படித்துப் பிஎச்பிக்குரிய விதிவிலக்காக மாற்றி எறியும். மறுதிசையிலும் அவ்வாறே: பிஎச்பியில் எழுதிய சேவை ஒரு விதிவிலக்கை எறியின், அது எல்லையிலேயே ஏற்கப்பட்டு, தொலைவிலுள்ள வேண்டுநருக்குப் பிழைமடலாகச் செல்லும். சி யின் உடலூடே அது பாய விடப்படுவதில்லை.

பைதன் இவ்வொப்பந்தத்தைச் சோதித்தும் பார்க்கும். சியிலமைந்த நீட்சி வெறுஞ்சுட்டை மீட்டுக் காரணத்தைப் பொறியாது விடினும், காரணத்தைப் பொறித்துவிட்டு விடையையும் மீட்டினும், இரண்டையும் அது முறைமைவழு என்றே அறிவிக்கும். மொழிபெயர்க்குங்கால் எண் தப்பி விளக்கம் தொலைதலும் உண்டு. அதனாலேயே பதிவேடு வேண்டப்படுகின்றது.

ரஸ்ட் மொழியாரோ இன்னும் கடுமையானவர். 2024 செப்டெம்பரில் வெளியான 1.81 பதிப்பு முதல், சி மரபில் ஏவப்படும் ரஸ்ட் சார்பினின்றும் ஏற்பாரற்ற வழு வெளிப்படுமாயின், செய்நிரல் எல்லையிலேயே நிறுத்தப்படும்.