'இல்லை' என்று சொல்லும் கடை

குப்பம் என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் என்ன தோன்றுகிறது? கடற்கரை, கட்டுமரம், உலரும் வலை, காற்றில் மிதந்து வரும் கருவாட்டு வாசனை, இவைதானே? ஆனால் மந்தாரக்குப்பத்துக்கு வந்து கடலைத் தேடுகிறவர் ஏமாந்துதான் போவார். அங்கே அலையும் இல்லை, தோணியும் இல்லை. தூரத்தில் குன்று போல் தெரிவது, சுரங்கத்திலிருந்து வெட்டிக் கொட்டிய மண். கடலூர்த் துறைமுகமோ சுமார் 40 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. அப்படியிருந்தும் இவ்வூர்க் கடைத்தெருவில் சின்னஞ்சிறு மீன் சாப்பாட்டுக் கடைகள் நடந்து வருகின்றன என்றால், அது விசாரிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

முதற் காரணம் பசி. 1956-ஆம் ஆண்டில் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் ஏற்பட்டது. 1962-இல் அனல் மின்சாரம் உற்பத்தியாகத் தொடங்கியது. அகன்ற வீதிகளும் நிழல் மரங்களுமாக நகரியம் எழுந்தது. அதன் ஓரத்தில் மந்தாரக்குப்பம் சந்தடி மிகுந்த கடைவீதியாக வளர்ந்தது. சுரங்கத்துக்கு இரவென்றும் பகலென்றும் கிடையாது. முறை மாறி வெளியே வருகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் சுடச்சுடச் சோறும், அதன் மேல் ஊற்ற ஒரு நல்ல குழம்பும்.

இரண்டாவது காரணம் சாலை. கடலூரில் விடியற்காலையில் கரை சேரும் மீன், பனிக்கட்டிக்கு நடுவே படுத்தபடி, குறிஞ்சிப்பாடி, வடலூர் வழியாகப் பிரயாணம் செய்து வருகிறது. பசித்தவர்க்குச் சோறிடுவதற்காக 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரியும் ஊர் வடலூர். புலால் மறுத்த அந்த மகானின் ஊரை மீன் வண்டி கொஞ்சம் கூச்சத்துடனேயே கடந்து போகும் என்று நாம் எண்ணிக் கொள்வோம்!

இத்தகைய கடை ஒன்றில் நாம் ஒரு நாள் நண்பகலில் சாப்பிட உட்கார்ந்தோம். ஐந்தாறு மேஜைகளுக்கு மேல் இல்லை. கணவர் பரிமாறுகிறார், மனைவி அடுப்படியில் நிற்கிறார். சுவரில் நீண்ட விலைப்பட்டியல் எதுவும் காணோம். ஒரு கரும்பலகையில் சுண்ணாம்புக் கட்டியால் மூன்றே வரி: சங்கரா குழம்பு, நெத்திலி வறுவல், கானாங்கெளுத்தி வறுவல்.

நமக்குப் பின்னால் வந்த இரண்டு இளைஞர்கள், "அண்ணே, வஞ்சரம் இருக்குதா?" என்று கேட்டார்கள்.

"இன்னைக்கு வரலே, தம்பி. சங்கரா நல்லா வந்திருக்கு, சாப்பிட்டுப் பாருங்க" என்றார் கடைக்காரர்.

இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டு எழுந்து போய்விட்டார்கள். கடைக்காரர் வாசலை ஒரு கணம் பார்த்துவிட்டு, ஒன்றும் நேராதது போல் நம் இலையில் குழம்பை ஊற்றினார்.

அந்த ஒரு கணத்தைப் பற்றித்தான் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். பெரிய ஹோட்டல்களுக்கு உறைபதன அறை இருக்கிறது. என்றைக்கு எதைக் கேட்டாலும் எடுத்துத் தர முடிகிறது. சிறு கடைக்காரரிடம் இருப்பது ஒரே ஒரு ஐஸ் பெட்டி. கடல் கொடுத்ததையே அவர் கொடுக்க முடியும். முந்தாநாள் மீனையோ, மலிவான வளர்ப்பு மீனையோ மிளகாய்ப் பொடியில் புரட்டி எண்ணெயில் போட்டு, 'இதுதான் வஞ்சரம்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நம்மில் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும்? அப்படிச் சொல்லாமல் இரண்டு சாப்பாட்டு வரும்படியை இழப்பதென்பது ஐந்து மேஜைக் கடைக்கு அற்ப சங்கதி அல்ல.

இந்தச் சங்கடம் கோடையில் இன்னும் கடுமையாகிறது. மீன்கள் இனம் பெருகும் பருவம் என்று தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் 2001 முதல் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் விதித்து வருகிறார்கள். முதலில் 45 நாட்களாக இருந்தது, 2017 முதல் 61 நாட்களாயிற்று: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அந்நாட்களில் நாட்டுப் படகுகள் கொண்டு வருவதே வரத்து. விலையோ மேலே ஏறுகிறது. அப்போது கரும்பலகையில் ஒரு வரி குறையும். குறைந்தால் அது கடையின் தரித்திரம் அல்ல, கடைக்காரரின் யோக்கியதை என்று நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

மீன் புதியதா, பழையதா என்பதைக் கண்டுபிடிப்பதும் பிரமாத வித்தையல்ல. கண் தெளிவாகப் பிதுங்கியிருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அழுத்திய குழி உடனே மேலெழ வேண்டும். அப்போது பிடித்த மீனில் கவிச்சு அநேகமாக இராது. கடல் மீனின் சதையில் மணமற்ற பொருள் ஒன்று உண்டு; மீன் இறந்த பின் நுண்ணுயிர்கள் அதைச் சிதைப்பதால்தான் அந்த வாடை உண்டாகிறது. புளியின் அமிலம் அந்த வாடையைக் கட்டிப் போடுகிறது. நம் பாட்டிமார் ரசாயன சாஸ்திரம் படிக்காமலே மீனையும் புளியையும் சேர்த்து வைத்த காரியம் எவ்வளவு பொருத்தம், பாருங்கள்! ஆனால் புளி வாடையை அடக்குமே தவிர, கெட்ட மீனை நல்ல மீனாக்கி விடாது.

அன்றைய சங்கரா குழம்பில் அடக்க வேண்டிய வாடை எதுவும் இல்லை. சின்ன வெங்காயமும் பூண்டும் கரைந்து, மேலே நல்லெண்ணெய் மிதக்க, மீன் துண்டு முள்ளை விட்டு வெள்ளை வெளேரென்று கழன்று வந்தது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றோம். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமென்று குழந்தைகளுக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும் தாய்மார்கள் இந்தச் சிறு மீனையும் கொஞ்சம் கவனிக்கலாம். வஞ்சரத்தை விடக் குறைந்த விலைக்கே மத்தியும் கானாங்கெளுத்தியும் இதயத்துக்கு இதமான கொழுப்பைத் தருகின்றன. எல்லோரும் வஞ்சரத்தையே கேட்டால் அது எத்தனை நாளைக்குக் கடலில் மிஞ்சும்?

ஆகவே, அடுத்த முறை குடும்பத்துடன் மீன் கடைக்குப் போகும் நேயர்கள், "அது இருக்கிறதா, இது இருக்கிறதா?" என்று கேட்பதை விட்டு, "இன்றைக்கு என்ன வந்தது?" என்று கேட்டுப் பார்க்கும்படி வேண்டிக் கொள்கிறோம். கடைக்காரர் கொஞ்சம் தயங்கி ஏதாவது ஒன்றை 'இல்லை' என்று சொன்னால், எழுந்து போய்விடாதீர்கள். இலையைப் போடச் சொல்லுங்கள்.