பழைய பட்டடையின் பதம் அறிவது எப்படி?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டிராய் என்றொரு சிறு நகரம் இருக்கிறது. ஆண்டுதோறும் செப்டம்பர் மாதத்தில் அந்நகரத்துப் பொருட்காட்சித் திடலில் கொல்லர்கள் கூடுகிறார்கள். 'குவாட் ஸ்டேட்' என்று பெயர் பெற்ற இக்கூட்டத்தைத் தெற்கு ஒஹையோவின் கொல்லர் சங்கம் ஒன்று நடத்துகிறது. ஒருபுறம் உலை மூட்டி வேலை செய்து காட்டுவார்கள். மறுபுறம் கார்களும் சிறு லாரிகளும் வரிசையாக நிற்கும். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய இரும்புக் கருவிகளைப் புல்தரையில் பரப்பி விற்பார்கள். சுத்தியல், குறடு, துருத்தி எல்லாம் உண்டு. ஆனாலும் கூட்டம் மொய்ப்பது இரண்டு பொருள்களைச் சுற்றித்தான். ஒன்று பட்டடை, மற்றது வைஸ்.

பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அடிக்கும் கருவியே பட்டடை. அடைகல் என்றும் சொல்வதுண்டு. அமெரிக்கர் பயன்படுத்தும் பட்டடையில் தட்டையான முகமும், அதன் ஒரு கோடியில் வளைவு வேலைக்கான கூம்பு வடிவக் கொம்பும் இருக்கும். முகத்தின் மறுகோடியில் ஒரு சதுரத் துளையும் ஒரு வட்டத் துளையும் காணப்படும். சதுரத் துளையில் உளி முதலிய துணைக்கருவிகளைச் செருகலாம். வட்டத் துளை, குதிரை லாடத்தில் ஆணித்துளை இடுவதற்கு உதவும். ஏறத்தாழ 1830-க்கு முன் செய்த பட்டடைகளில் இந்த வட்டத் துளை பெரும்பாலும் இராது. ஆகவே விவரம் தெரிந்தவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

டிராக்டரும் மோட்டார் வண்டியும் வந்து குதிரைகள் மறைந்தபோது ஊர்தோறும் இருந்த கொல்லன் பட்டறைகளும் மறைந்தன. இரண்டாம் உலகப் போரின்போது பழைய இரும்பு திரட்டியதில் பல பட்டடைகள் உருக்கு உலைக்குப் போயின. பிறகு கைவினையாகக் கொல்லுத் தொழிலைக் கற்போர் பெருகினர். 1973-இல் வட அமெரிக்கக் கலைக்கொல்லர் சங்கம் தோன்றியது. இன்று ஒரு நல்ல பழைய பட்டடை பவுண்டு ஒன்றுக்குப் பல டாலர் விலை போகிறது. புதிதாகத் தொழில் பழகும் இளைஞர் ஒருவருக்கு இது பெரிய முதலீடு. தவறாகத் தேர்ந்தால் பணம் போவது மட்டுமன்று, நூறு ஆண்டு உழைத்த கருவி ஒன்று வெறும் இரும்புக் கட்டியாகி விட்டதைப் பிறகுதான் அவர் உணர்வார்.

புல்தரையில் இரண்டு பட்டடைகள் அருகருகே இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்குக் கறுப்பு வண்ணம் பூசியிருக்கிறது. முகம் கண்ணாடிபோல் பளபளக்கிறது. விளிம்புகள் கத்திபோல் கூராக இருக்கின்றன. மற்றது துருவேறியது, விளிம்பில் அங்கங்கே சில்லு பெயர்ந்துள்ளது, முகத்தின் நடுப்பகுதி சற்றுக் குழிந்திருக்கிறது. எதை வாங்குவது? புதியவர் கை முதலாவதை நோக்கித்தான் நீளும். அனுபவசாலியோ சட்டைப்பையிலிருந்து ஓர் எஃகுக் குண்டை எடுத்துக்கொண்டு இரண்டாவதை நெருங்குவார்.

ஏன் என்று அறிய, பட்டடை எப்படிச் செய்யப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மெல்லிய உடல், கடினமான முகம்

சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை பட்டடை முழுவதையும் எஃகால் செய்வது அரிது. எஃகு விலை மிக்கது. ஆகவே உடலைத் தேனிரும்பால் அடித்து உருவாக்கி, முகத்தில் மட்டும் எஃகுத் தகடு ஒன்றை வைத்துப் பற்றவைத்தார்கள். இரண்டையும் வெண்சூடாகக் காய்ச்சி, பலர் சேர்ந்து சம்மட்டியால் அடித்து ஒட்டுவதுதான் அன்றைய பற்றவைப்பு. இவ்வளவு கனமான பொருளை உலையிலிருந்து தூக்குவது எப்படி? உடலில் இடுப்பிலும் அடியிலும் சதுரக் குழிகளை இட்டு, அவற்றில் நீண்ட கம்பிகளைச் செருகித் தூக்கினார்கள். அக்குழிகளைப் பழைய பட்டடைகளில் இன்றும் காணலாம். அவை அடித்துச் செய்த பட்டடைக்கு நல்ல அடையாளம்.

தகட்டின் கனம் புதிதில் ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பட்டடையின் உயிர் இந்த அரை அங்குலத்தில்தான் இருக்கிறது.

தகட்டை ஒட்டியபின் அதற்குத் தோய்ச்சல் கொடுக்க வேண்டும். கரி மிகுந்த எஃகைச் செந்தழலாகக் காய்ச்சி விரைவாகக் குளிர்வித்தால் அது மிகக் கடினமாகிறது. மெதுவாகக் குளிர்ந்தாலோ மென்மையாகி விடுகிறது. சிறு கத்தியைத் தொட்டி நீரில் முக்கினால் போதும். பட்டடை அப்படியன்று. நூறு கிலோ இரும்பு தேக்கி வைத்திருக்கும் வெப்பம் பெரிது. அதை நிலைநீரில் அமிழ்த்தினால் முகத்தைச் சுற்றி நீராவிப் படலம் ஒன்று உண்டாகும். ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. நீர் எஃகைத் தொடாமலே நின்றுவிடும். எனவே உயரத்திலிருந்து நீரைத் தாரையாக முகத்தின் மீது கொட்டச் செய்தார்கள். தாரையின் வேகம் ஆவிப் படலத்தைக் கிழித்து, புதுநீரை இடைவிடாமல் எஃகின் மேல் சேர்த்தது. ஆவியின் குணத்தைத் தொழிலறிவால் வென்ற அந்தத் தொழிலாளரை எண்ணி நாம் வியக்கத்தான் வேண்டும்.

இப்போது நம் பளபளக்கும் பட்டடைக்கு வருவோம். நூறாண்டுப் பட்டடையின் முகம் இயல்பாக அப்படி இருக்க முடியாது. யாரோ அதை எந்திரத்தில் இட்டுச் சீவியிருக்கிறார்கள். குழிவை நீக்க 4 மில்லிமீட்டர் சீவினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்து மெலிந்திருந்த தகட்டில் மிச்சம் என்ன? அடியில் இருக்கும் தேனிரும்பு மெல்லியது; மெலிந்த தகடு நாளடைவில் அதனுள் அமுங்கும், அல்லது பெயர்ந்து வரும். சீவியதை மீண்டும் ஒட்டுவார் இல்லை. அழகுக்காகச் செய்த இந்த வேலையைப் போல் பழைய பட்டடைகளைக் கெடுத்தது வேறொன்றும் இல்லை என்பது என் கருத்து.

இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. பட்டடையைப் பக்கவாட்டில் பாருங்கள். முகத்துக்குச் சற்றுக் கீழே தகடும் உடலும் சேரும் கோடு மங்கலாகத் தெரியும். அதன்மேல் எவ்வளவு கனம் இருக்கிறது என்று அளந்துவிடலாம். அடுத்து, கொம்புக்கும் முகத்துக்கும் இடையே உள்ள படியைக் கவனியுங்கள். உளியால் வெட்டும் வேலைக்காக மென்மையாகவே விடப்பட்ட இடம் அது. அங்கிருந்து முகத்தின் உயரம் மிகக் குறைந்திருந்தால், குறைந்த அளவு சீவப்பட்டதாகவோ தேய்ந்ததாகவோ கொள்ளலாம்.

குழிந்த முகம் அத்தனை குறையா? இல்லை. வளைந்த கம்பியை நிமிர்த்தச் சிறு குழிவு உதவியே செய்யும். கம்பி சற்று மிகையாக வளைந்து, மீண்டும் எழும்பும்போது நேராக நிற்கும். கூரான விளிம்பைவிட மழுங்கிய விளிம்பே பல வேலைகளுக்கு நல்லது. கூர்விளிம்பு சூடான இரும்பில் வெட்டுப் பதித்து, அவ்விடத்தில் பிற்பாடு விரிசல் விழ இடம் தரும்.

குண்டின் சாட்சி

அனுபவசாலியின் பையில் இருந்த குண்டு, பேரிங்கில் போடப்படும் சாதாரண எஃகுக் குண்டுதான். அதை 25 செ.மீ. உயரத்திலிருந்து முகத்தின் மேல் விட்டு, எவ்வளவு உயரம் எழும்புகிறது என்று அளவுகோலை நிறுத்திப் பார்ப்பார். 20 செ.மீ. எழும்பினால் 80 விழுக்காடு. பட்டடை நல்ல பதத்தில் இருக்கிறது. பாதிக்கும் கீழே நின்றால் கைவிட வேண்டியதுதான்.

இதன் காரணம் எளிது. கடினமான எஃகு குண்டின் மோதலால் இம்மியளவு அமுங்கி, உடனே பழைய நிலைக்கு மீண்டு, பெற்ற ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுக்கிறது. மென்மையான இரும்பு நிரந்தரமாகப் பள்ளம் விழுகிறது. ஆற்றல் அப்பள்ளத்தை உண்டாக்கவும் வெப்பமாகவும் செலவாகிவிடுகிறது. முகத்தில் ஓரிடத்தில் மட்டும் குண்டு சோம்பி எழுந்தால், அவ்விடத்தில் தகடு உடலைவிட்டுப் பிரிந்திருக்கலாம். ஆகவே பத்து இடங்களிலாவது விட்டுப் பார்க்க வேண்டும்.

வண்ணப் பூச்சு மறைக்கக்கூடிய பெருங்குறை ஒன்று உண்டு. தீவிபத்தில் அகப்பட்ட பட்டடை அது. பட்டறை எரியும்போது பட்டடை செந்தழலாகிப் பிறகு சாம்பலுக்குள் மெல்ல ஆறுகிறது. தோய்ச்சல் கொடுத்தவர்கள் செய்ததற்கு நேர்மாறான வேலை இது! உருவம் சிறிதும் மாறாது. எழுத்துகள் கூடத் தெளிவாகத் தெரியும். கடினம் மட்டும் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத இக்குறையைக் குண்டு ஒரு நொடியில் காட்டிக்கொடுத்துவிடும். அரம் கையில் இருந்தால் முகத்தின் ஓரத்தில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல பதத்தில் அரம் வழுக்கும். பதம் போனதில் பற்றிக்கொண்டு துகளெடுக்கும். விற்பவரின் அனுமதியுடன்தான்!

தட்டிக் கேட்பது இன்னொரு சோதனை. தேனிரும்பு உடலும் எஃகு முகமும் கொண்ட பட்டடை மணிபோல் ஒலிக்கும். விரிசல் இருந்தால் உடைந்த பானைபோல் மழுங்கிய ஓசை வரும். ஆனால் இச்சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நியூ ஜெர்சி மாநிலத்து டிரென்டன் நகரில் ஃபிஷர் கம்பெனியார் செய்த பட்டடைகளில் கழுகுச் சின்னம் இருக்கும். எஃகு முகத்தின் மேல் வார்ப்பிரும்பை ஊற்றி ஒட்டச் செய்யும் முறைக்கு அவர்கள் 1847-இல் காப்புரிமை பெற்றார்கள். வார்ப்பிரும்பினுள் கரி மென்தகடுகளாகப் பரவியிருப்பதால் அதிர்வை அது விழுங்கிவிடுகிறது. ஃபிஷர் பட்டடை 'டொக்' என்றுதான் சொல்லும். வேலைக்கு அது முதல்தரம். ஓசையை மட்டும் நம்புவோர் அதை ஒதுக்கிவிட்டுப் போவதுண்டு.

(டிரென்டன் என்று பெயர் பொறித்த பட்டடைகள் டிரென்டனில் செய்யப்பட்டவை அல்ல. அவை ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் உருவானவை. இந்தக் குழப்பத்தில் சிக்காத புதியவர் இல்லை.)

1·2·10 என்றால் என்ன?

ஷெஃபீல்டின் 'மவுஸ் ஹோல்' பட்டறையும், பீட்டர் ரைட் கம்பெனியும் இங்கிலாந்திலிருந்து ஏராளமான பட்டடைகளை அமெரிக்காவுக்கு அனுப்பின. இவற்றின் பக்கத்தில் மூன்று எண்கள் பொறித்திருக்கும். 1·2·10 என்பதை 1,210 பவுண்டு என்று படிப்பவரும், 121 பவுண்டு என்று படிப்பவரும் உண்டு. இரண்டும் தவறு. முதல் எண் 112 பவுண்டு கொண்ட ஹண்டிரட்வெயிட். இரண்டாவது அதில் கால்பங்காகிய 28 பவுண்டு. மூன்றாவது மீதிப் பவுண்டு. 112-உடன் இருமுறை 28-ஐயும் 10-ஐயும் கூட்டினால் 178 பவுண்டு, ஏறக்குறைய 81 கிலோ. நடு எண் 3-க்கு மேல் போகாது. மூன்றாம் எண் 27-ஐத் தாண்டாது. ஃபிஷர் பட்டடையின் காலில் 15 என்றிருந்தால் 150 பவுண்டு என்று பொருள்.

எடைக்கு ஏன் இத்தனை மதிப்பு? ஒரு கிலோ சுத்தியலால் 81 கிலோ பட்டடை மேல் உள்ள செவ்விரும்பை அடிக்கிறோம். உந்த அழியாமை விதிப்படி, சுத்தியலும் பட்டடையும் சேர்ந்து நகர்வதில் வீணாகும் ஆற்றல் 82-இல் ஒரு பங்குதான். மீதி முழுவதும் இரும்பை உருமாற்றச் செல்கிறது. பட்டடை 5 கிலோவாக இருந்தால் ஆறில் ஒரு பங்கு வீணாகும். பட்டடை கட்டுப்பாடின்றித் தனித்து நிற்பதாகக் கொண்ட கணக்கு இது. கனத்த மரக்கட்டையில் பிணைத்தால் நிலைமை மேம்படும். எடையை முதலாகவும், முகத்தின் பதத்தை அடுத்ததாகவும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பதத்தைத்தான் முதலில் வைப்பேன். எடை எண்ணில் தெரிந்துவிடும். பதத்தைத் தேடித்தான் அறிய வேண்டும்.

கால் வைத்த வைஸ்

கொல்லரின் வைஸ் மேசை வைஸ் போன்றதன்று. அதன் பின்தாடை நீண்டு கால்போல் தரைவரை இறங்கும். தாடையில் பிடித்த இரும்பைச் சம்மட்டியால் ஓங்கி அடித்தாலும் அதிர்ச்சி அக்காலின் வழியே நிலத்துக்குப் போய்விடும். மேசை வைஸின் வார்ப்பிரும்பு அந்த அடியில் விரிந்து உடையும். இதுவோ அடித்துச் செய்த தேனிரும்பு. முன்தாடை கீழே ஒரு கீலில் ஆடுவதால் தாடைகள் விசிறிபோல் விரிகின்றன. அகலமாகத் திறக்கும்போது சரியாக இணையாக இராது. அது அமைப்பில் உள்ள குறை, தேய்மானம் அன்று.

இதன் உயிர் திருகில் இருக்கிறது. பழைய வைஸ்களில் திருகு நுழையும் குழாயின் உள்மரையைக் கடைசல் எந்திரத்தில் வெட்டவில்லை. சதுரக் கம்பியைத் திருகின் பள்ளத்திலேயே சுருளாகச் சுற்றி எடுத்து, குழாயினுள் செருகி, பித்தளையை உருக்கிப் பற்றவைத்தார்கள். குழாயின் வாயில் மஞ்சள் நிறம் தெரிந்தால் அது அந்தப் பித்தளைதான்.

தாடை மூடியிருக்கும்போது எல்லாத் திருகும் நன்றாகவே தோன்றும். அடிக்கடி தேய்வது திருகின் நடுப்பகுதி. ஆகவே திருகை முழுவதும் கழற்றிப் பாருங்கள். மரையின் முனை சதுரமாக இருந்தால் நல்லது; கத்தி முனைபோல் மெலிந்திருந்தால் சிறிது காலத்தில் வழுக்கிவிடும். தாடையைத் திறக்கும் வில்லும், மேசையில் பொருத்தும் பட்டையும் காணாமல் போயிருந்தால் கவலையில்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள். அவற்றைக் கொல்லர் ஒரு பிற்பகலில் தாமே அடித்துக்கொள்வார். திருகும் குழாயும் தேய்ந்ததைப் பட்டடைக்குத் துணையாக வாங்கி வந்து என்ன செய்வது?