தொழிற்சாலையில் தொடுதிரை: தேர்வும் பேணுகையும்

பால்மரத்தை மலாயாவில் முதன்முதல் தோட்டப் பயிராக்கியவர் மலாக்காவைச் சேர்ந்த டான் சாய் யான் ஆவார். 1896ஆம் ஆண்டில் புக்கிட் லிந்தாங்கில் அவர் அதனைத் தொடங்கினார். பின்னர் எழுந்த தோட்டங்களில் பால்வெட்டுக் கத்தி பிடித்த தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் பலர் இன்று செங், பத்து பெரண்டாம், ஆயர் குரோ முதலிய இடங்களின் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கின்றனர். கத்தி இருந்த கைக்கு முன்னால் இப்பொழுது ஒரு கண்ணாடிப் பலகை நிற்கிறது. விரலால் தொட்டால் பொறி ஓடுகிறது; மீண்டும் தொட்டால் நிற்கிறது. தொடுதிரைப் பலகை எனப்படும் இதனைத் தொழிற்சாலைப் பேச்சில் எச்.எம்.ஐ. என்பர். இதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, எவ்வாறு பேணுவது, எந்தப் பொறுப்பை இதனிடம் விடக்கூடாது என்பவை தொழிலாளர் அனைவரும் அறியத் தக்கவை.

முகமும் மூளையும்

பொறியை நடத்துவது திரை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அவ்வாறன்று. மின்பெட்டிக்குள் இருக்கும் பி.எல்.சி. என்னும் கட்டுப்பாட்டுக் கருவியே பொறியை நடத்துகிறது. செம்பனை ஆலையை எடுத்துக்கொள்ளலாம். அங்குப் பழக்குலைகளைப் பெரிய கலனில் இட்டு, ஏறத்தாழ 3 பார் அழுத்தமுள்ள நீராவியில் வேகவைப்பர். பழங்கள் குலையிலிருந்து கழல்வதற்கும், எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும் நொதி அழிவதற்கும் இது வேண்டும். முன்னாளில் தொழிலாளி அழுத்தமானியைப் பார்த்து வால்வைக் கையால் திருகினார். தானியங்கு முறைக்கு மாறிய ஆலைகளில் பி.எல்.சி.யே வால்வைத் திறந்து மூடுகிறது. திரையோ அழுத்தத்தைக் காட்டுகிறது. தொழிலாளியின் கட்டளையைப் பி.எல்.சி.க்குக் கொண்டுசெல்கிறது. திரை முகம், பி.எல்.சி. மூளை.

தொடுதிரை நேற்றுத் தோன்றிய பொருளன்று. இங்கிலாந்தில் ஈ. ஏ. ஜான்சன் என்பவர் 1965ஆம் ஆண்டிலேயே அதனைப் பற்றி எழுதினார். ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமான செர்னில் பிராங்க் பெக், பெண்ட் ஸ்டும்ப் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில், மாபெரும் துகள் முடுக்கியின் கட்டுப்பாட்டு அறைக்காகத் தொடுதிரையை உருவாக்கினர். கைப்பேசிக்கு வருமுன்னரே அது தொழில் உலகில் கால் வைத்துவிட்டது.

கைக்கு ஏற்ற திரை

தொழிற்சாலைத் திரைகளில் இரண்டு வகைகள் மிகுதி. முதல் வகை, அழுத்தத்தை உணர்வது. மின்சாரத்தைக் கடத்தும் பூச்சுடைய இரண்டு படலங்கள் நுண்ணிய இடைவெளியுடன் எதிரெதிரே இருக்கும். அழுத்தும் இடத்தில் அவை ஒன்றையொன்று தொடும். அங்குள்ள மின்னழுத்தத்தை அளந்து, தொட்ட இடத்தைக் கருவி அறிந்துகொள்ளும். கையுறை அணிந்த விரலாலும் இதனை இயக்கலாம். ஆனால் மேற்படலம் பிளாஸ்டிக் ஆதலின் கீறல் விழும். ஒரே இடத்தைப் பல்லாயிரம் முறை அழுத்தினால் அவ்விடம் தேயும்.

இரண்டாம் வகை, விரலின் மின் தன்மையை உணர்வது. கைப்பேசித் திரை இவ்வகையே. மேற்பரப்பு கண்ணாடியாதலின் நெடுநாள் உழைக்கும். ஆயினும் தடித்த கையுறையை இது உணராமல் போகலாம்; நீர்த்துளியை விரலென்று மயங்குவதும் உண்டு. கையுறைக்கும் ஈரத்திற்கும் ஏற்ப அமைத்த திரைகள் இப்பொழுது கிடைக்கின்றன. எனினும் விலைப்பட்டியலை நம்பி வாங்காமல், அந்த வேலைக்குரிய கையுறையுடன் தொட்டுப் பார்த்தே வாங்குதல் அறிவுடைமை.

அடுத்துக் காணவேண்டியது பாதுகாப்பு எண். ஐ.பி. 65 என்பதில் 6 என்பது தூசி புகாமையையும், 5 என்பது பீய்ச்சும் நீரைத் தாங்குவதையும் குறிக்கும். பெரும்பாலான பலகைகளில் இவ்வெண் முன்முகத்திற்கு மட்டுமே உரியது. ரப்பர் பட்டை சரியாகப் பொருந்தினால்தான் அதுவும் மெய்யாகும். பட்டை வெடித்திருந்தாலோ, மின்பெட்டிக் கதவு திறந்திருந்தாலோ, அந்த எண் வெறும் எழுத்தே. வெப்பமும் அவ்வாறே. பல பலகைகள் 50 பாகை செல்சியஸ் வரையே தாங்கும். கொதிகலனின் அருகிலோ மாலை வெயிலிலோ மூடிய பெட்டிக்குள் இருக்கும் வெப்பம் வெளியிலுள்ளதைவிட மிகும். பெட்டிக்குள் அளந்து பார்த்தே முடிவு செய்யவேண்டும்.

உயிரைக் காக்கும் பொத்தான்

திரையில் சிவப்பு வட்டம் வரைந்து ‘நிறுத்து’ என்று எழுதிவிட்டால் அஃது அவசர நிறுத்தம் ஆகிவிடாது. திரை உறைந்துபோகலாம், கம்பி அறுந்துபோகலாம், எண்ணெய்க் கை வழுக்கலாம். உருளையில் சட்டைக்கை சிக்கிய ஒருவனுக்குத் திரையில் பக்கம் தேட நேரம் ஏது? ஆகையால் மஞ்சள் பின்னணியில் சிவப்புக் காளான் வடிவப் பொத்தான் ஒன்று கைக்கெட்டும் தொலைவில் தனியே இருத்தல் வேண்டும். திரை அணைந்து கிடந்தாலும் அது பொறியை நிறுத்தவேண்டும்.

எச்சரிக்கையின் மொழியும் அத்துணை இன்றியமையாதது. ‘பிழை 27’ என்று திரை கூறினால் யாருக்கு விளங்கும்? ‘கொதிகலனில் நீர் குறைவு’ என்றால் விளங்கும். பல பலகைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளை அமைக்க முடியும். மலாயோ, தமிழோ, வங்காளமோ, நேப்பாளியோ, அங்கு நிற்பவர் படிக்கும் மொழியில் எச்சரிக்கை இருக்கவேண்டும். எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா என்பதை வாங்குமுன் சோதித்தல் நன்று. சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்த இயலாத கண்ணுடையோரும் உண்டு. ஆதலின் நிறத்தோடு சொல்லும் சேரவேண்டும்.

பேணும் முறை

திரையை மென்மையான ஈரத்துணியால் துடைக்கவேண்டும். தின்னர், பெட்ரோல் கூடா. துடைக்குமுன் தொடுகையைப் பூட்டுதல் வேண்டும். இல்லையேல் துணியே பொறியை ஓட்டிவிடும். திருப்புளி, பேனா முனை ஆகியவற்றால் அழுத்துதல் திரையைக் கொல்லும். பெட்டியின் காற்று வடிகட்டியைத் தூசி அடைக்காமல் பார்க்கவேண்டும். தொட்ட இடம் ஒன்றும் இயங்கும் இடம் வேறுமாக இருப்பின், அழுத்த வகைத் திரையை அளவுத்திருத்தம் செய்யவேண்டும்.

பின்னொளி விளக்கு 50,000 மணி நேரம் உழைக்கும் என்று குறிக்கப்பட்டிருந்தால், இரவு பகலாக எரியும் ஆலையில் அஃது ஆறாண்டுக்கும் குறைவே. வேலையில்லாதபோது ஒளி தானே தணியுமாறு அமைத்தால் ஆயுள் நீளும்.

எல்லாவற்றிலும் பெரியது நிரலின் நகல். பலகை பழுதானால் புதியது வாங்கலாம். அதற்குள் இருந்த நிரலைக் கடையில் வாங்க இயலாது. ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் நாளும் பெயரும் எழுதி இரண்டு நகல்கள், இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்றை மாற்றுப் பலகையில் ஏற்றிப் பார்த்திருத்தலும் வேண்டும். ஏற்றிப் பாராத நகலை நம்புதல் கூடாது.

பலகையை வாங்குவோர் அலுவலகத்தில் இருக்கின்றனர். அதனைத் தொடுவோர் பொறியின் அருகில் நிற்கின்றனர். வாங்குமுன் பின்னவரை அழைத்து ஒருமுறை கேட்பதே தேர்வின் முதற்படி.