தொகுப்புத் தட்டு மீட்ட பாடல்

ஒரு குழுவின் பாடல்களுட் சிலவற்றைத் தெரிந்தெடுத்து மீண்டும் வெளியிடும் தொகுப்பு இசைத்தட்டை வெறும் வணிகச் சரக்கென்று தள்ளுவோர் உளர். அவ்வாறு தள்ளுதல் தகுமா, நேயர்களே? ஹெவி மெற்றல் எனப்படும் இசைமுறைக்கு வழிவகுத்த பிளாக் சபத் குழுவினரின் தட்டுகளைச் சிறிது நோக்குவோம்.

பேர்மிங்ஹாம் நகரத்து உழைப்பாளர் குடும்பங்களிற் பிறந்த நால்வர் இவர்கள். கிற்றார் வாசித்த ரொனி அயோமி, தகட்டுத் தொழிற்சாலையொன்றில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தவர். இடக்கைப் பழக்கமுடைய அவர் தந்திகளை அழுத்த வேண்டியதோ அந்த வலக்கையாலேயே! பிளாஸ்ரிக்கை உருக்கி விரலுறை செய்துகொண்டார். பின்னர் தந்திகளையும் தளர்த்தினார். 1971இல் வந்த மூன்றாம் நெடுந்தட்டிற் சில பாடல்களின் சுருதி மூன்று அரைச்சுரம் தாழ்ந்திருந்தது.

முதல் நெடுந்தட்டை 1969இல் இலண்டனில் ஏறத்தாழ ஒரே நாளிற் பதிந்து முடித்தனர். 1970இன் தொடக்கத்தில் வந்த அவர்களது முதற் சிறுதட்டின் மறுபக்கத்தில் 'விக்கட் வேர்ல்ட்' என்றொரு பாடல் இருந்தது. பிரித்தானியாவில் வெளியான முதல் நெடுந்தட்டில் அதற்கு இடம் கிட்டவில்லை, சிறுதட்டும் விலைபோகவில்லை. 1975 டிசெம்பரில் அங்கு வெளிவந்த இரட்டைத் தொகுப்புத் தட்டே அப்பாடலை மீட்டுக் கொடுத்தது.

அதுவரை வந்த நெடுந்தட்டுகள் ஆறு. அவற்றுள் ஐந்தாவதிலும் ஆறாவதிலுமிருந்து ஒவ்வொரு பாடலையே அத்தொகுப்பு ஏற்றது, இது குறையே. ஆயினும் 1970ஆம் ஆண்டுப் பாடலையும் 1971ஆம் ஆண்டுப் பாடலையும் ஒரே தொகுப்பிற் கேட்போருக்கு, அயோமியின் தந்திகள் தளர்ந்த கதை செவிக்கே புலனாகும்.