ஒரு குரோமோசோம் கூடுதல்: யார் மேல தப்பு?

இன்னைக்கு டவுன் சிண்ட்ரோம் பத்திப் பேசலாம். எங்க திருவாலங்காடு பக்கம் இப்படி ஒரு குழந்தை பிறந்தா, முதல்ல வர்ற கேள்வி "யாரால இப்படி ஆச்சு?"ங்கறதுதான். கிரகணத்தப்ப வெளியே வந்திருப்பா, அக்கா மகளைக் கட்டினதால வந்துச்சுன்னு ஆளுக்கொரு காரணம் சொல்வாங்க. கடைசியில பழி அம்மா மேல விழும்.

உண்மையான காரணம் என்ன? நம்ம செல்கள்ல 46 குரோமோசோம்கள், 23 ஜோடிகளா இருக்கு. அம்மாகிட்ட இருந்து 23, அப்பாகிட்ட இருந்து 23. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியும் பிரிஞ்சு, ஒண்ணு மட்டும் உள்ளே போகணும். சில நேரம் 21-ஆவது ஜோடி பிரியாம ரெண்டுமே போயிடுது. அப்போ குழந்தைக்கு மொத்தம் 47. இதை 1959-ல் பிரான்ஸ்ல ஜெரோம் லெஜூனும் அவரோட வேலை செஞ்சவங்களும் வெளியிட்டாங்க.

பெரும்பாலும் இது கருமுட்டையில நடக்குது. ஆனா அந்த முட்டை பிரிய ஆரம்பிச்சது எப்போன்னு பார்த்தீங்கன்னா, அந்த அம்மாவே தன் அம்மா வயித்துல இருந்தப்ப! அங்க பாதியில நின்னு, பல வருஷம் கழிச்சுத்தான் தொடருது. அதனால வயசு கூடக் கூட வாய்ப்பும் கூடும்: 35 வயசுல சுமார் 350 பிரசவத்துக்கு ஒண்ணு, 40-ல் சுமார் 100-க்கு ஒண்ணு. இளம் வயசு அம்மாக்களுக்கும் இப்படிப் பிறக்கலாம். கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. சொந்தத்துல கல்யாணம் பண்ணினா வேற சில மரபு நோய்கள் வர வாய்ப்பு கூடும், அது உண்மை. ஆனா டவுன் சிண்ட்ரோமுக்கு அது காரணம் இல்லை.

ஒரு விதிவிலக்கு இருக்கு. 100-ல் மூணு நாலு குழந்தைகளுக்கு அந்தக் கூடுதல் 21 வேற குரோமோசோமோட ஒட்டிக்கிட்டு இருக்கும். அது அப்பாகிட்ட இருந்தோ அம்மாகிட்ட இருந்தோ வந்திருக்கலாம். அதனால குழந்தைக்குக் காரியோடைப் ரத்தப் பரிசோதனை அவசியம். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடும்போது அந்த ரிப்போர்ட் உதவும்.

பழி பேசியே நாள் கடத்தினா நஷ்டம் குழந்தைக்குத்தான். கிட்டத்தட்ட பாதிக் குழந்தைகளுக்கு இதயத்துல குறை இருக்கும். சில குறைகளுக்கு முதல் ஆறு மாசத்துக்குள்ளேயே ஆபரேஷன் தேவைப்படும். தாமதமானா நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் ஏறி, அப்புறம் ஆபரேஷனே பண்ண முடியாமப் போகலாம். வெளியே பார்க்க ஒண்ணும் தெரியலைன்னாலும் எக்கோ எடுக்கணும். தைராய்டு, காது, கண் பரிசோதனையும் விடக்கூடாது.

2013-ல் தொடங்கின ஆர்.பி.எஸ்.கே. திட்டத்துல டவுன் சிண்ட்ரோமும் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல கேட்டா, மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புவாங்க. பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது. சென்னையில, தன் மகளுக்காகத் தேட ஆரம்பிச்ச சுரேகா ராமச்சந்திரன் 1984-ல் தொடங்கின டவுன் சிண்ட்ரோம் ஃபெடரேஷன் ஆஃப் இந்தியாவும் பெற்றோருக்கு வழிகாட்டுது.

அதனால, தெரிஞ்ச வீட்டுல இப்படி ஒரு குழந்தை பிறந்திருந்தா, "யாரால?"ன்னு கேக்காதீங்க. "எக்கோ எடுத்தாச்சா?"ன்னு கேளுங்க. முடிஞ்சா ஆஸ்பத்திரிக்குத் துணைக்கும் போங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.