உங்களுக்குத் தெரியுமா? வேரே இல்லாத மிதவைச் செடி
மீன்தொட்டியில் மிதக்கும் சால்வினியாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். அடியில் பழுப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குவது வேர் அல்ல, இலை! பெரணி இனத்தைச் சேர்ந்த இந்தச் செடிக்கு ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள். இரண்டு நீர்மேல் மிதக்கும். மூன்றாவது நூல்நூலாகப் பிரிந்து நீருக்குள் இறங்கி, வேரைப் போலச் சத்தை உறிஞ்சும். மேல் இலைகளின் நுண்முடிகள் காற்றைப் பிடித்துவைப்பதால், அமுக்கினாலும் நனையாமல் மேலே வந்துவிடும். என்ன அழகான ஏற்பாடு!

மீன்கழிவின் அம்மோனியாவை இது எடுத்துக்கொள்ளும். குஞ்சுகளுக்கு மறைவிடமும் தரும். ஆனால் நீர்ப்பரப்பில் பாதியையாவது திறந்து வையுங்கள்.

பிரேசிலைச் சேர்ந்த இதன் ஓர் இனம் 1939-இல் தாவரவியல் ஆய்வுக்காகக் கொழும்புக்கு வந்தது. பிறகு இலங்கையின் நெல்வயல்களையும் நீர்நிலைகளையும் மூடியது. கேரளத்தின் காயல்களுக்கும் இதே கதிதான். 1980-இல் ஆஸ்திரேலியாவின் மூன்டாரா ஏரியில் விடப்பட்ட, சுமார் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள மூக்குவண்டுதான் இதை அடக்கிக் காட்டியது.

தொட்டியில் கழிக்கும் செடியை ஏரியிலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.